உடம்பைக் குறைக்கும்போது நமக்கு நாமே பொய் சொல்லாமல் இருப்பது எப்படி

எங்கள் தெரு தையல்காரர் ஜாக்கெட் தைத்தால் உள்ளே மூன்று தையல் விட்டுத்தான் தைப்பார், பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. 2019-லிருந்து 2023 வரை நான்கு வருடத்தில் நான் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் தையலைப் பிரித்தபோது துணி துவைத்ததில் சுருங்கிவிட்டது என்றேன். இரண்டாவது தடவை, லாக்டவுனில் யாருக்குத்தான் உடம்பு போடவில்லை என்றேன். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை, பிளேடை எடுத்துப் பிரித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் பிரிக்கத் தையல் இல்லை. அன்றைக்கு என் எடை 78 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், வயிற்றுச் சுற்றளவு 98, வயது 43. பதினாறு மாதத்தில் 66 கிலோவுக்கு வந்தேன். எப்படிக் குறைத்தாய் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார்கள். சாப்பாட்டில் பெரிய ரகசியம் கிடையாது, அதே இட்லி, அதே சாம்பார், அதே சோறு. மாறியது கணக்கு வைத்த விதம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்த பிறகுதான் எனக்கு என் மேலிருந்த கோபம் குறைந்தது. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாளைக்கு 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை வைத்து நியூயார்க்கில் செய்தது. அவர்கள் உடம்பு உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று தனியாக அளந்து பார்த்தார்கள். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் சொல்லவே இல்லை, நடந்தது ஓடியதை மட்டும் 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு விஷயத்தில் மனித ஞாபகம் அவ்வளவுதான். அதனால் "இனிமேல் நேர்மையாக இருப்பேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து பிரயோஜனமில்லை, ஞாபகத்துக்கு வெளியே எழுத்திலும் அளவிலும் சாட்சி இருக்க வேண்டும்.

முதல் ஏழு நாள் எதையும் குறைக்காதீர்கள்

ஒரு நோட்டு வேண்டும். பிள்ளைகளின் போன வருட நோட்டில் பின்பக்கம் மிச்சம் இருக்குமே, அது போதும். பேனாவை நூல் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள், பேனா தேடுகிற நேரத்தில் முறுக்கு உள்ளே போய்விடும். செல்போன் செயலியில் எழுதுவது உங்களுக்கு ஒத்துவந்தால் தாராளமாகச் செய்யுங்கள். எனக்கு வரவில்லை. "சாம்பார் ஒரு கப்" என்று தேடினால் பத்து விதமான எண் வந்தது, அதில் எப்போதும் ஆகக் குறைந்ததையே என் விரல் தொட்டது. மூன்றாவது நாளே அதைக் கவனித்தேன், அழித்துவிட்டேன்.

ஏழு நாளும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், எழுத மட்டும் செய்யுங்கள். குறைக்கவும் ஆரம்பித்தால் அந்த வாரம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வீர்கள், நோட்டில் உங்கள் வாழ்க்கை இருக்காது, அந்த ஒரு வாரம்தான் இருக்கும்.

வாயில் வைப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ராத்திரி படுக்கப் போகும்போது மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நான் ஒரு வாரம் முயன்று பார்த்தேன். மூன்று வேளைச் சாப்பாடு ஞாபகம் வந்தது, நடுவில் நின்றபடி தின்றது எதுவும் வரவில்லை. ஆபீசில் ஒருவர் பேரன் பிறந்ததற்கு ஸ்வீட் கொடுத்திருந்தார், அதைச் சாப்பிட்டேன் என்பதே மறுநாள் காலை அந்த டப்பாவைக் குப்பைக்கூடையில் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து, நோட்டில் சில வார்த்தைகளை எழுதவே கூடாது. கொஞ்சம், சும்மா, லேசா, ஒரு வாய், வாய்க்கு. நம் பொய் எல்லாம் இந்த ஐந்து வார்த்தைக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. "சும்மா கொஞ்சம் மிக்சர்" என்று எழுதினால் அதற்கு அளவே இல்லை. "மிக்சர், மூன்று கைப்பிடி" என்று எழுதினால் எழுதும்போதே நமக்கு விஷயம் தெரிந்துவிடும். கரண்டி, டம்ளர், கைப்பிடி, எண்ணிக்கை, எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் எண் இருக்க வேண்டும்.

இந்த நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். என் நோட்டு முதலில் ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே, குறைச்சலாத்தான் சாப்பிடுற" என்றார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து என் கை அவர் படிப்பதற்காக எழுத ஆரம்பித்தது. பருப்பு டப்பா வரிசைக்குப் பின்னால் மாற்றி வைத்த பிறகுதான் சரியானது.

அப்புறம், உங்கள் கரண்டியை ஒருநாள் அளந்துவிடுங்கள். சமையலறையில் வைக்கிற சின்ன எடை மெஷின் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கினால் மாதக்கணக்கில் உதவும். என் குழிக்கரண்டியில் ஒரு கரண்டி சோறு 130 கிராம் இருந்தது. மதியம் நான் சாப்பிடுவது "ரெண்டு கரண்டி" என்றுதான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் சாம்பாருக்கு இரண்டு, ரசத்துக்கு ஒன்றரை, மோருக்கு ஒன்று. சாம்பாருக்குப் போட்டதை மட்டும் நான் சாப்பாடு என்று கணக்கு வைத்திருக்கிறேன், மற்றது எல்லாம் அதன் தொடர்ச்சி. நாலரை கரண்டி என்றால் 585 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, ஆக சோறு மட்டுமே 760. இதில் பொரியல், கூட்டு, அப்பளம் எதுவும் சேரவில்லை.

எண்ணெய் தூக்கில் தேதி எழுதுங்கள்

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எண்ணெய் பாக்கெட்டைப் பிரித்து தூக்கில் ஊற்றும்போது மார்க்கர் பேனாவால் தூக்கின் மேலேயே அன்றைய தேதியை எழுதுங்கள். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று பாருங்கள்.

"நாங்க எண்ணெயே சேர்க்கறதில்லை" என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது, நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 5 லிட்டர் ஓடியது. 5000 மில்லியை 30 நாளால் வகுத்து, மறுபடி நாலால் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 41 மில்லி, அதாவது 38 கிராம் சொச்சம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. எண்ணெயிலிருந்து மட்டும் ஆளுக்கு 340 கலோரி. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த 2000 கூடத் தேவையில்லை, உட்கார்ந்து பார்க்கும் வேலை.

இது எங்கே போகிறது என்று தேடினேன். தாளிப்பில் கொஞ்சம்தான். தோசைக்குச் சுற்றிவர ஊற்றுவது, பொரியல் அடிப்பிடிக்காமல் இருக்க நடுவில் ஊற்றுவது, உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், மீன் வறுவல். எல்லாம் தூக்கைச் சாய்த்து ஊற்றியது. இப்போது ஸ்பூனால் எடுத்து ஊற்றுகிறேன். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, 40 கலோரி, குழம்புக்கு மூன்று, பொரியலுக்கு இரண்டு. மாதம் 3 லிட்டரில் நிற்கிறது. வீட்டில் யாரும் ருசி குறைந்ததாகச் சொல்லவில்லை, தோசையைத் தவிர. தோசைக்கு இரும்புக் கல்லை நன்றாகப் பழக்கிவிட்டால் வெங்காயத்தைத் தேய்த்தே எடுத்துவிடலாம், ஆனால் முறுகலாக வராது என்பது உண்மைதான். அதனால் வாரத்தில் ஒருநாள் மட்டும் முறுகல் தோசை, அதை எண்ணெயோடு நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

தேங்காய் இந்தக் கணக்கில் வராது, அதைத் தனியாகப் பாருங்கள். 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது. மூன்று இட்லிக்குக் கெட்டிச் சட்னி நாலு கரண்டி போட்டுக்கொண்டு "காலையில் மூணே மூணு இட்லி" என்று சொல்வது பாதிக் கதைதான்.

தட்டில் விழாத சாப்பாடு

அம்மாக்களுக்கு இது. பையன் வைத்துவிட்டுப் போன அரை தோசை, பெண்ணின் டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம், உப்பு பார்க்க உள்ளங்கையில் ஊற்றிய குழம்பு, பணியாரம் வெந்ததா என்று பிய்த்துப் பார்த்த முதல் ஈடு. இவை எதையும் நாம் சாப்பாடு என்று நினைப்பதில்லை, ஏனென்றால் உட்காரவில்லை, தட்டு வைக்கவில்லை. முதல் ஏழு நாள் இப்படி உள்ளே போனதை மட்டும் நான் தனியாகக் கூட்டினேன், சுமார் 2400 கலோரி வந்தது. என்னைப் போன்ற ஒருத்திக்கு ஒரு முழு நாளைக்கும் மேலான சாப்பாடு அது. வாரத்துக்கு எட்டு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோற்றை வீணாக்கக் கூடாது என்று நம்மை வளர்த்தது நல்லது, அதை விடச் சொல்லவே மாட்டேன். ஆனால் வயிறு நிறைந்த பிறகு உள்ளே போகிற சோறும் வீண்தான். இப்போது பிள்ளைகளுக்கு முதலில் குறைவாக வைக்கிறேன், கேட்டால் மறுபடி வைக்கிறேன். மிஞ்சினால் கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜில், மறுநாள் காலை அது என் தட்டுக்கு வரும், மற்றதுக்குப் பதிலாக. ருசி பார்ப்பதற்கு ஒரே டீஸ்பூன், ஒரே தடவை. நான் சாப்பிட உட்காரும் இடமும் மாறியது, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று எதையும் மெல்லுவதில்லை.

காபியை மறந்துவிடாதீர்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3. ஆரஞ்சு பால் 100 மில்லியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட காபி ஒரு டம்ளர் சுமார் 130 கலோரி. ஒரு நாளைக்கு நாலு குடித்தேன். அதை நிறுத்த என்னால் முடியாது, முடியும் என்று எழுதினால் அது பொய். பாலை மாற்றினேன், சர்க்கரையை அரை ஸ்பூனுக்கு இறக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன், இரண்டு வேளையாக்கினேன்.

நல்ல பேர் வாங்கிய சாப்பாடுகள்

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்று நம்பி மூன்று வருடம் சப்பாத்தி தேய்த்திருக்கிறேன். மூன்று சப்பாத்தி, மேலே தடவிய எண்ணெய், தொட்டுக்கொள்ள தேங்காய் அரைத்த குருமா. சோற்றையும் ரசத்தையும் விட அது ஒன்றும் குறைச்சல் இல்லை. அரிசி, கோதுமை, கேழ்வரகு, சாமை, தினை, எதுவானாலும் வேகாத தானியம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320-லிருந்து 360 கலோரிக்குள்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், அந்த வகையில் நல்லது, நானும் சமைக்கிறேன். சாமைப் பொங்கலில் நெய்யை அதே அளவு ஊற்றிவிட்டு சாமை என்பதால் இன்னொரு கரண்டி வைத்துக்கொள்வதுதான் தவறு. நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான். சர்க்கரை 100 கிராமுக்கு 400 கலோரி, வெல்லம் 350-க்கு மேல், தேன் 300-க்கு மேல். வெல்லம் போட்டது என்பதற்காகப் பாயசம் இன்னொரு டம்ளர் குடிக்க வழியில்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லித்தான் எனக்கும் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடு, புரதம் இருக்கிறது, நெய்யில் வதக்கிய இன்னொரு பதார்த்தத்துக்குப் பதில் அதைச் சாப்பிட்டால் உதவும். மற்ற எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு மேலே அதையும் குடித்தால் அது எதையும் கரைக்காது.

விரத நாளையும் நோட்டில் எழுதுங்கள். அமாவாசைக்கு ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரி பலகாரம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஒருவேளை வடை பாயசத்தோடு, ராத்திரி எட்டு இட்லியோ கிச்சடியோ. சாதாரண நாளைவிட என் அமாவாசைகளில் 300 கலோரி கூடவே இருந்தது. விரதம் சாமிக்காக, முன்னோருக்காக, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எடைக் கணக்கில் அதை வரவு வைக்காதீர்கள்.

மெஷினும் டேப்பும்

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, காபிக்கு முன்னால், ஒரே டைல்ஸ் மேல், ஒரே மாதிரித் துணியில். ஒரு தடவை ஏறிப் பார்த்ததுதான் கணக்கு. மெஷினைக் கொஞ்சம் நகர்த்திவைத்து மறுபடி ஏறுவது, ஒரு காலை மெல்ல ஊன்றுவது, இதெல்லாம் செய்யாதீர்கள். தினமும் எழுதி வாரத்துக்கு ஒருமுறை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து அந்தச் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

இதில் நேர்மை இரண்டு பக்கமும் வேண்டும். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்துவைத்திருக்கும், சாப்பாடு குறைந்ததும் அதுதான் முதலில் போகிறது. "பார்த்தியா, ஒரே வாரத்துல ரெண்டு கிலோ" என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொன்னால் நாலாவது வாரம் மனசு உடைந்துபோகும். அதேபோல ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7700 கலோரி உபரியாக வேண்டும், ஒரு பந்தியில் அவ்வளவு சாப்பிட முடியாது. ஊறுகாய், அப்பளம், சாம்பார் உப்பெல்லாம் பிடித்துவைத்த தண்ணீர், மூன்று நாளில் இறங்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் ஒரு கிலோ கூடிக் குறையும். அந்த வாரத்தைப் போன மாதம் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 23 தாண்டினாலே நமக்கு அதிக எடை, 25 என்றால் பருமன். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து 27-ஐ சும்மா கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் பிஎம்ஐ இன்றைக்கு 27, வயிறு 86. இன்னும் போக வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கும் வீட்டில் பார்த்திருப்பீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் திடீரென்று வெந்தயமும் பாகற்காயுமாக இருப்பார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக வந்துவிடும். எச்பிஏ1சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பார்த்தால் சுமார் மூன்று மாதக் கதையும் தெரிந்துவிடும். எடைக்கும் மூன்று மாதச் சராசரிதான் எச்பிஏ1சி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பட்டினி கிடந்து வாங்கிய எண்ணை நோட்டில் ஒரு மைல்கல்லாக எழுதிவைக்காதீர்கள்.

நடை

ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிரவுண்டுக்குப் போய்த் திரும்புகிற நேரம்தான் ஒரு மணி. தோழிகளோடு நின்று பேசியது, பெஞ்சில் உட்கார்ந்தது போக, கைக்கடிகாரத்தில் பார்த்தால் 24 நிமிடம் நடந்திருக்கிறேன். நேரத்தை விடுங்கள், தூரத்தை எழுதுங்கள். 75 கிலோ எடை உள்ளவர் 4 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். வாசலில் ஒரு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அநேகமாக அது முழுக்கத் திரும்பிவிடும். நடை முழங்காலுக்கு, தூக்கத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு அவ்வளவு நல்லது, விடவே விடாதீர்கள். அதைச் சாப்பாட்டுக்கு அனுமதிச் சீட்டாக மட்டும் ஆக்காதீர்கள்.

"இன்னைக்குக் கெட்டுப்போச்சு, இனிமே நாளைக்குப் பார்த்துக்கலாம்"

என் நோட்டில் நான் கண்ட பொய்களிலேயே அதிகக் கலோரி இதற்குத்தான். பதினொரு மணிக்கு ஆபீசில் ஒரு குலாப் ஜாமூன், 150 கலோரி. அதோடு விட்டிருந்தால் அந்த நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டுப்போச்சு என்று நினைத்ததால் மதியம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா. மறுநாள் கேட்டால் அந்தக் குலாப் ஜாமூனால் என்பேன். இல்லை, குலாப் ஜாமூன் செய்தது 150, மீதி 1500-ஐச் செய்தது அந்த ஒரு நினைப்பு. இப்போது ஜாமூனை எழுதிவிட்டு மதியம் வழக்கமான சாப்பாடு சாப்பிடுகிறேன். குறைத்தும் சாப்பிடுவதில்லை, தண்டனையாக்கினால் சாயங்காலம் வட்டியோடு கேட்கும்.

நாளைக்கு என்பதும் திங்கட்கிழமை என்பதும் பொங்கல் கழியட்டும் என்பதும் ஒன்றே. நம் காலண்டரில் காலி மாதம் கிடையாது. ஆடிக் கூழ் முடிந்தால் ஆவணியில் கொழுக்கட்டை, புரட்டாசியில் சுண்டல், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, மார்கழி முழுக்கக் கோவில் பொங்கல், தையில் சர்க்கரைப் பொங்கல், நடுவில் முகூர்த்தம் பத்து. வருஷ ஆரம்பத்தில் தினசரிக் காலண்டரை எடுத்து எந்தெந்த நாள் மனம் நிறையச் சாப்பிடப் போகிறீர்கள் என்று வட்டம் போடுங்கள். எனக்கு 22 நாள் வந்தது. அந்த 22 நாளும் எதையும் ஒதுக்காமல் சாப்பிட்டேன், எழுதவும் செய்தேன். மீதி 343 நாள் இருக்கிறது. தீபாவளி அன்று தின்றதால் யாருக்கும் உடம்பு போடுவதில்லை, அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் திறந்து திறந்து மூடுகிற அந்த எவர்சில்வர் டப்பாவால்தான். நான் இப்போது மூன்றாம் நாளே பிரித்து அக்கம்பக்கம், வேலைக்கு வருகிறவர், ஆபீஸ் என்று கொடுத்துவிடுகிறேன்.

பசியா, வாய் நமநமப்பா என்று தெரியாதபோது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இப்போது மோர் சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசிதான், எத்தனை மணியானாலும் சாப்பிடலாம். மோர் சாதம் வேண்டாம், முறுக்குதான் வேண்டும் என்றால் அலுப்போ தூக்கமோ கோபமோ, அதை அப்படியே நோட்டில் எழுதுவேன். எழுதிய பிறகும் சில நாள் முறுக்கைத் தின்றிருக்கிறேன். எழுதியிருக்கிறது.

வற்புறுத்துகிறவர்கள்

அத்தை போட்டுவிட்டார்கள், மறுக்க முடியவில்லை என்று பல பக்கம் எழுதியிருக்கிறேன். பிறகு படித்தபோது, அவர்கள் போட்டது ஒரு தடவை, நான் கேட்டு வாங்கியது இரண்டாவது தடவை என்று தெரிந்தது. "ஏண்டி, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே, ஒழுங்கா சாப்பிடுறியா இல்லியா?" என்று அவர்கள் கேட்கும்போது வயிறு சரியில்லை என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்கு சொன்னால் அடுத்த தடவை இன்னும் கூடுதலாகப் போடுவார்கள். ஒருநாள் நேராகவே சொன்னேன், "எனக்கும் மாமா மாதிரி சர்க்கரை வந்துரக் கூடாது அத்தை, அதுக்குத்தான் குறைக்கிறேன்." அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை போனபோது இலையில் கூட்டு நிறைய இருந்தது, வடை ஒன்றுதான் இருந்தது.

உண்மையாகவே உடம்பில் காரணம் இருந்தால்

எல்லாக் காரணமும் சாக்கு இல்லை, இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது அநியாயமாகிவிடும். தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மாத்திரை, மனநலத்துக்குத் தரும் சில மருந்துகள், இன்சுலின், இவை எல்லாம் எடையைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்துவிடுங்கள். எனக்குத் தைராய்டு என்று பார்க்காமலே இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. தைராய்டு குறைவு இருந்தாலும் பொதுவாக அதனால் மட்டும் கூடுவது இரண்டிலிருந்து ஐந்து கிலோ, அதிலும் உப்பும் தண்ணீரும்தான் அதிகம், மாத்திரை எடுத்தால் சரியாகும். எடைக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இந்த வழி இப்போது வேண்டாம்.

இன்னொன்று. நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது, எழுத வேண்டுமே என்று சாப்பிடாமலே இருக்கிறேன், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன் என்ற நிலை யாருக்காவது வந்தால் நோட்டை அன்றே மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது கட்டுப்பாடு இல்லை, நோய். வீட்டில் வயசுப் பெண்களோ பையன்களோ இருந்தால் அவர்கள் தட்டையும் கவனியுங்கள், உங்கள் நோட்டை அவர்களுக்குப் பாடமாக்காதீர்கள்.

எனக்கு மூன்று மாதமாக 66-லேயே நிற்கிறது. வயசாகிறது, உடம்பு இவ்வளவுதான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்ல ஆரம்பித்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். போன வருடம் இதே மாதம் "சட்னி 1 கரண்டி" என்று இருக்கிறது, இப்போது வெறும் "சட்னி" என்று இருக்கிறது. அளவைக் காணோம். பொரியலுக்கும் காணோம். எண்ணெய் தூக்கில் கடைசியாக எழுதிய தேதி அழிந்துபோய் எந்த மாதம் என்றே தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே தூக்கைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, புது பாக்கெட்டைப் பிரித்து ஊற்றி, மார்க்கரால் தேதி போட்டேன். இன்றோடு ஆறு நாள், தூக்கில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, கொஞ்சம் என்றால் இரண்டு விரற்கடை.